கோணல் டெண்டர்

என் தொழில் பல்செட் செய்வது. ஆரியசாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் டென்டல் லேபில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பொருந்துகிற மாதிரி பல்லைச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. கால் மில்லிமீட்டர் கூடிப்போனால் மறுநாளே திரும்பி வந்துவிடும். அப்படிப் பழகிய கை, மரத்தைத் தொட்டது என் நாற்பத்தைந்தாவது வயதில்தான். அதுவும் இரண்டு குழந்தைகளின் சண்டையைத் தீர்ப்பதற்காக.

அந்த இரண்டு பேரும் என் நாத்தனாரின் பெண்கள், இரட்டையர். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவர்கள். அவர்கள் பிறந்த அன்று என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரென்றே தெரியாத ஒரு மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மனிதரும் விஷயம் தெரியாமலே திருப்பிக் கட்டிப்பிடித்தார். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் நாலு நிமிஷம்தான் வித்தியாசம்.

இரண்டரை வயதில் அவர்களுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். ஆறு வாரம் இருக்கும்போது நாத்தனார் எனக்குப் போன் செய்தாள்.

"மைனி, வரும்போ பொம்மை கிம்மைன்னு ஒண்ணும் வாங்கிட்டு வந்துராதீங்க, கேட்டோ. ஒண்ணு வந்தா அதுக்கு அடிபிடி. ரெண்டு வந்தா, அவ கையில இருக்கதுதான் இவளுக்கு வேணும். நேத்து ரெண்டு பந்து. ஒரே கடை, ஒரே செவப்பு. அரை மணிக்கூர் கீறிக்கிட்டுக் கெடந்தாளுவ. போதும், எனக்கு மதியாச்சு."

பின்னால் இரண்டு குரல் மாறி மாறிக் கேட்டது. "எனிக்கு! எனிக்கு!" மலையாளம் பேசுகிற விளையாட்டுப் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து 'எனக்கு' என்கிற சொல் அந்த வீட்டில் அப்படி மாறிவிட்டது.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். கம்மல் எங்கள் வீட்டுச் சீர், அதை ஏற்கெனவே வாங்கிவிட்டோம். ஆனால் காதில் குத்து வாங்கி அழுகிற பிள்ளைக்குக் கம்மலைக் காட்டி என்ன பிரயோஜனம்? கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். ஒன்றாகவும் இருக்கக் கூடாது, இரண்டாகவும் இருக்கக் கூடாது. இது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் லேபிலிருந்து கரமனைக்கு பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவர் மரத்தில் நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார். எஞ்சினுக்குப் பின்னால் தனியாக ஒரு சின்ன வண்டியைக் கொக்கியில் மாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் காட்டினேன்.

"இது என்ன, பெட்டியா?" என்று கேட்டேன்.

"அது டெண்டர். பழைய எஞ்சினுக்குக் கரியும் தண்ணியும் அதுலதான் கொண்டு போவாங்க."

"டெண்டரா? நீங்க ஆபீஸ்ல போடுவீங்களே, அதா?"

அவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். டெண்டர் படிவம் நிரப்புவதுதான் அவருடைய முழுநேர வேலை.

"பேரு ஒண்ணு. அது வேற, இது வேற."

எனக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. ஒருத்திக்கு எஞ்சின், ஒருத்திக்கு டெண்டர். கொக்கியில் மாட்டினால் ஒரே வண்டி. இவள் இல்லாமல் அவள் விளையாட முடியாது. சொன்னதும் அவர் போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

"கொள்ளாமே, நல்லாருக்கே! அப்ப டெண்டர் நான் செய்யுதேன். அதுதானே என் ஜோலி."

காலண்டர் மாட்ட ஆணி அடித்து உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சைப் பெயர்த்த மனிதர் அவர். ஆனாலும் சரி என்றேன். டெண்டர் என்றால் நாலு பலகையும் ஒரு அடிப்பலகையும்தான். அதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்தேன்.

மரம் அவருடைய ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. அங்கே மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்த மரவேலைக்காரர் தென்காசிப் பக்கம். நான் நேரிலேயே போனேன். எஞ்சினின் நீளமான கொதிகலனுக்கு உருளையாக ஒரு கட்டை வேண்டும் என்று சொன்னேன். கைப்பிடியில் மிச்சம் விழுந்த துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்து, ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது தேக்குக்கா. உள்ள வெடிப்பு கிடையாது. எஞ்சின் ஊதுமா?"

"ஊதாது. மரம்தானே."

"ஊதாத எஞ்சினா?" என்று வருத்தப்பட்டார். பிறகு உள்ளே போய், மேசை இழுப்பறைக்கு மாட்டுகிற உருண்டைக் குமிழ் இரண்டும் பை நிறைய ஆஞ்சிலி மரப் பலகைத் துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குமிழ்கள் கொதிகலன் முதுகில் உட்காருவதற்கென்றே செய்த மாதிரி இருந்தன.

எங்கள் பையன் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். அவன் அறை காலியாக இருந்தது. அவனுடைய மேசையில் பழைய போர்வையை விரித்து, லேபில் கழித்துப்போட்ட பழைய மைக்ரோமோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். பேனா மாதிரி கையில் பிடித்து, நுனியில் சுற்றும் முனையால் பல்லைச் சீவுகிற கருவி அது. வீடியோ காலில் பையன் பார்த்துவிட்டு, "அம்மா, அது என் டேபிள்!" என்று கத்தினான். "டேபிளுக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்றேன். அப்போதே ஒரு மூலையில் கீறல் விழுந்திருந்தது. போனை அந்தப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கர்வபங்கம். பல்லைச் சீவுகிற வேகத்தில் மரத்தில் முனையை வைத்தேன். புகைந்து, கருகி, வீடு முழுக்க வாடை. புகைபோக்கிக்குப் போட்ட துளை தீய்ந்து கறுப்பாகிவிட்டது. கணவர் குனிந்து பார்த்தார்.

"புகை போற ஓட்டைதானே? கறுப்பா இருந்தாத்தான் சரி."

வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். அதற்குப் பிறகு மரம் பேச்சைக் கேட்டது. பல்லுக்குச் செய்கிற பிளாஸ்டிக்கில் எந்தப் பக்கம் இழைத்தாலும் ஒன்றுதான். மரத்தில் அப்படி இல்லை. ஒரு திசையில் போனால் வழுக்கிக்கொண்டு வரும், எதிர்த் திசையில் போனால் முள்ளாகக் கிளம்பும். லேபில் வேலை பார்க்கும்போதுகூட, மாலை எந்த இடத்தில் விட்டோம், நாளைக்கு எங்கே தொடங்கலாம் என்றே மனசு ஓடியது. காதலிக்கிற பெண் மாதிரி இருக்கிறாய் என்று பக்கத்து நாற்காலிக்காரி கேலி செய்தாள்.

சக்கரங்களுக்கு, அதே கட்டடத்தில் வேலை செய்த எலக்ட்ரீஷியனிடம், கூரைப் பலகையில் விளக்குக்கு வட்ட ஓட்டை போடுகிற வெட்டுமுனை, பெரிதும் சின்னதுமாக இரண்டு, இரவல் வாங்கினேன். ஓட்டைதான் அவருக்கு வேண்டும், வெட்டி விழுகிற வட்டம் எனக்கு வேண்டும். எஞ்சினுக்கு நாலு பெரிய சக்கரம், முன்னால் இரண்டு சின்னது. டெண்டருக்கு நாலு சின்னது. விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தில் வைத்தால் உறுத்தாத அளவுக்குக் கொண்டுவந்தேன். கன்னத்தில் வைத்துத்தான் பார்த்தேன்.

கஷ்டம் வந்தது தண்டில். ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய சக்கரங்கள் இரண்டையும் வெளிப்பக்கமாக ஒரு நீளக் குச்சி இணைக்கும். சக்கரம் சுற்றும்போது அந்தக் குச்சி மேலே ஏறி முன்னால் போய்க் கீழே இறங்கும். நீராவி எஞ்சினின் அழகே அதுதான். என் எஞ்சினில் அது கால் சுற்றுப் போய் நின்றுவிட்டது. தள்ளினால் சக்கரம் சறுக்கியது. குச்சியை மாற்றினேன், துளையைப் பெரிதாக்கினேன். அதற்குப் பிறகு அரைச் சுற்றுப் போய் நின்றது. நாலு நாள் இதே பாடு. காது குத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

ஐந்தாம் நாள் லேபில் ஒரு பல்செட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எந்த இடத்தில் உயரமாக இடிக்கிறது என்று பார்க்க, ஒரு மெல்லிய நீலத் தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் செய்வோம். இடிக்கிற இடத்தில் நீலப் பொட்டு விழும். அந்தப் பொட்டைச் சீவினால் போதும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷமாக தினமும் தொடுகிற தாள்!

அன்று மாலை, தண்டின் துளைக்குள் அந்தத் தாளைச் சுற்றி வைத்து எஞ்சினைத் தள்ளினேன். பின் சக்கரத்துத் துளையில், இடது ஓரத்தில், கடுகளவு நீலம். சீவினேன். மறுபடி தள்ளினேன். இன்னொரு கடுகு, அதையும் சீவினேன். மூன்றாவது முறை தள்ளியபோது எஞ்சின் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. தண்டு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, டக்டக்கென்று ஓர் ஒலிகூட வந்தது. நான் போட்ட சத்தத்தில் என் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சோப்புக் கையோடு ஓடிவந்தார்.

"கையில வெட்டிக்கிட்டியா?"

"ஓடுது! பாருங்க, ஓடுது!"

அவரும் தள்ளிப் பார்த்தார். சோப்பு நுரை கொதிகலன் மேல் ஒட்டியது. இரண்டு பேரும் அரைமணி நேரம் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என நின்று தள்ளிக்கொண்டே இருந்தோம். அடுப்பில் குழம்பு வற்றிப்போனது.

டெண்டரை அவர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்தார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர், நான் துணி காயப்போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடித்துவிட்டார். காதில் பென்சில்கூடச் செருகியிருந்தார். ஆஞ்சிலிப் பலகையில் ஒரு திறந்த பெட்டி. வலது பக்கம் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. ஓரத்தில் மரப்பசை வழிந்து சொட்டாகக் காய்ந்திருந்தது. அடியில் அவர் போட்ட பென்சில் கணக்கு அப்படியே இருந்தது. என் கை தானாக அரத்தை எடுத்தது.

அவர் டெண்டரை மார்போடு அணைத்துக்கொண்டார். "தொடாத. சமர்ப்பிச்ச டெண்டரைத் திருத்தக் கூடாது."

"கோணலா இருக்குங்க."

"குழந்தை ஸ்கேல் வச்சா அளக்கப் போகுது?"

மனசில்லாமல் விட்டேன். குத்துகிற இடம் இல்லாமல் மட்டும் தேய்த்துக்கொடுத்தேன். குழந்தைகள் வாயில் வைப்பார்கள் என்பதால் பெயின்ட் வேண்டாம் என்று முடிவு செய்து, தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி இரண்டுக்கும் பூசினேன். தேக்கு எஞ்சின் பளபளத்தது. டெண்டர் மஞ்சளாக அதன் பின்னால் நின்றது. விருந்துக்குப் போகிற பெரிய மனிதருக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு போகிற ஆள் மாதிரி எனக்குத் தோன்றியது.

காது குத்து அவர்கள் வீட்டு மாடியில். கீழே நாத்தனார் கணவருடைய மொத்த மளிகைக் கடை. படியேறும்போதே மல்லியும் மிளகும் மூக்கில் ஏறும். காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. முதலில் மூத்தவளை மாமன் மடியில் வைத்தார்கள். என்ன நடக்கிறதென்று புரிவதற்குள் குத்தியாகிவிட்டது. அதன் பிறகு அவள் அழுத அழுகையைப் பார்த்து, இளையவள் தன்னைத் தொடுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். மடியில் வைத்திருந்த என் கணவரின் கண்ணும் கலங்கியிருந்தது. யாரும் பார்க்காதபடி குழந்தையின் தலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் நான் துணிப்பையிலிருந்து எஞ்சினை எடுத்தேன். டெண்டரைக் கொக்கியில் மாட்டி, தரையில் வைத்து மெதுவாகத் தள்ளினேன். தண்டு ஏறி இறங்கியது. கூடமே "அய்யோ!" என்றது. நாத்தனார் கணவர் பட்டு வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்து, கண்ணைச் சக்கரத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். "அக்கா, இது நீங்க கையில செஞ்சதா? ஒள்ளதா?" என்று நம்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தைகள் அழுகையை நிறுத்தி, மூக்கு ஒழுக, வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

எஞ்சினை மூத்தவள் கையில் கொடுத்தேன். டெண்டரை இளையவளிடம் கொடுத்தேன். இளையவள் டெண்டரைத் தரையில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தன் கையிலிருந்த பாதி லட்டை அதற்குள் போட்டாள். இரண்டு அடி இழுத்தாள். நின்று மறுபடி எட்டிப் பார்த்தாள். லட்டு அங்கேயே இருந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது.

அதைப் பார்த்த மூத்தவள் எஞ்சினைக் கீழே போட்டாள்.

"எனிக்கு!"

"இல்ல, எனிக்கு!"

இரண்டு பேரும் டெண்டரின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். ஆறு வாரம், ஒரு சின்ன நீலப் பொட்டுக்காக நாலு நாள் தவம், கன்னத்தில் வைத்துப் பார்த்த சக்கரம், எல்லாம் ஒருக்களித்துக் கிடந்தது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நாத்தனார் தலையில் கைவைத்தாள். "மைனி, நான் அப்பமே சொன்னேம்லா?"

என் கணவர் சுவரில் சாய்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை.

"என்ன பண்ண? எப்பமும் கொறஞ்ச டெண்டர்தான் ஜெயிக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். நாத்தனாருக்கு முதலில் கோபம், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். அதற்குள் டெண்டருக்குள் ஒரு வாழைப்பழமும், வெற்றிலையும், யாரோ கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடியும் ஏறியிருந்தன.

மறுநாளே இன்னொரு டெண்டர் வேண்டும் என்று தீர்மானமானது. ஆனால் செய்ய உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நான் நேராகச் செய்தால் இரண்டும் வேறு வேறாக இருக்கும். வேறாக இருந்தால் மறுபடி அடிதடி. பழையதைப் போலவே கோணலாகச் செய்ய வேண்டும்.

கணவர் முயன்றார். இந்தத் தடவை அது வேறொரு பக்கம் கோணலாகப் போனது. "அந்தக் கோணல் எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாதே" என்றார் பரிதாபமாக.

அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. ஒருவருடைய முன்பல் கொஞ்சம் திரும்பியிருந்தால், பக்கத்தில் வைக்கும் புதுப் பல்லையும் அதே அளவுக்குத் திருப்பித்தான் செய்வோம். இல்லையென்றால் சிரிக்கும்போது தெரிந்துவிடும். குழந்தைகள் தூங்கும் மத்தியானத்தில் டெண்டரை நாத்தனாரிடம் வாங்கி, அளவெடுத்து, படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வலது பக்கச் சாய்வு இரண்டு மில்லிமீட்டர். பின்பலகை அரை மில்லிமீட்டர் குட்டை. ஓரத்தில் காய்ந்திருந்த பசைச் சொட்டையும் அதே இடத்தில் வைத்தேன். அடியில் இருந்த பென்சில் கணக்கை என் கணவரைவிட்டே எழுதவைத்தேன். கூட்டல் தப்பாக இருந்தது, அதே தப்போடு எழுதினார். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பல்லையும் செய்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூத்தவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு மற்றதை. இளையவள் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தாள். நாங்கள் நாலு பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆளுக்கு ஒன்றை எடுத்தார்கள். கயிறு கட்டிக் கொடுத்ததும், "கூ... கூ..." என்று கத்திக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இழுத்துக்கொண்டு அறைக்கு அறை ஓடினார்கள். எஞ்சின் எதற்கு? அவர்களேதான் எஞ்சின். சமையலறையிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிக் கூடத்தில் கொட்டினார்கள். கூடத்திலிருந்து செருப்பு ஏற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். என் கணவர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் மண்டியிட்டு, இரண்டு கையையும் வளைத்துக் குகையாக இருந்தார்.

கிளம்பும்போது, யாரும் தொடாமல் அலமாரி மேல் இருந்த எஞ்சினை எடுத்துத் துணிப்பையில் வைத்தேன். படியிறங்கிக் கடை வாசலுக்கு வந்ததும் நாத்தனார் கணவர் பின்னாலேயே வந்தார். நாற்பது வயது மனிதர், மூட்டை மூட்டையாக மிளகு வாங்கி விற்கிறவர், முகம் சிவந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு சோதிக்கட்டா?"

"கேளுங்க தம்பி."

"அந்த எஞ்சின்... பிள்ளைகளுக்கு வேண்டாம்னா, அது இங்கயே இருந்தா கொள்ளாம். நான் இந்த ஒரு வாரமா கடை அடச்சுட்டு மேல வந்து, அவ பாக்காதப்போ தள்ளிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தராசுக்குப் பக்கத்தில் இருந்த சாமான்களையெல்லாம் ஒதுக்கி இடம் செய்தார். மெதுவாகத் தள்ளினார். தண்டு ஏறி இறங்கியது.

"இந்தக் கம்பு எப்படி மேல போயிட்டுக் கீழ வருது? அதுதான் எனக்குப் பிடிபடல."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் கணவர் வாசலில் நின்று சொன்னார். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றேன். மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்து, எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, சக்கரத்தில் தண்டு மாட்டியிருக்கும் இடத்தைக் காட்டினேன். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு அவர் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.